புதுப்பிப்பு: நெஞ்செரிச்சல் ஆபரேஷன் முடிந்தது

நெஞ்செரிச்சலுக்கு ஃபண்டோப்ளிகேஷன் (இரைப்பை அமிலம் மேலே வராமல் தடுக்கும் ஆபரேஷன்) செய்துகொள்ளலாமா என்று முன்பு கேட்டிருந்தேன், செய்துகொண்டுவிட்டேன். புளித்த நீர் மேலே வருவது நின்றுவிட்டது. ஆனால் தோள்பட்டை வலியை எதிர்பார்க்கவே இல்லை, லேப்ராஸ்கோப்பிக்காக (சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் முறை) வயிற்றில் நிரப்பும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை (நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள தசை) உறுத்துவதால் வருமாம், நடக்க நடக்கக் குறைந்தது.

முதலில் வடிகட்டிய சூப், கஞ்சித் தண்ணீர், இப்போது குழைத்த தயிர் சாதம். இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடியில் சுற்றித் தைத்திருப்பதால் அங்கே வீக்கம் வடியச் சில வாரங்கள் ஆகும், அதுவரை சப்பாத்தி, பிரெட், கோழிக்கறி எல்லாம் நெஞ்சிலேயே நின்றுவிடும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏப்பமும் சரியாக வராது, அதனால் வயிற்றில் காற்றைச் சேர்க்கும் சோடா, ஸ்ட்ரா இரண்டும் கிடையாது (சோடாப் பிரியனுக்கு இது கொடுமை). அப்புறம், மாத்திரை விழுங்க முடியவில்லை என்று நீங்களாகப் பொடித்துவிடாதீர்கள், சிலவற்றைப் பொடிக்கவே கூடாது, கேட்டுக்கொள்ளுங்கள்.