விவசாயிக்குக் கணினி சொல்லிக்கொடுத்தவர்கள், கற்றுக்கொண்டவர்கள் – நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி அனுபவங்கள்

பென்னாகரத்திலிருந்து:

பயிற்சி என்றாலே மௌஸ் எது, கீபோர்டு எது, சிபியு எது என்று படம் காட்டித்தான் தொடங்குகிறார்கள். எங்கள் பக்கம் அப்படி நடந்த ஒரு வகுப்பில் நானும் உட்கார்ந்திருந்தேன், மதியச் சாப்பாட்டுக்குப் போனவர்களில் பாதிப்பேர் திரும்பவே இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மாடு தண்ணிக்குக் காத்திருக்கும், சாமைக் கதிர் களத்தில் கிடக்கும், இதையெல்லாம் விட்டுவிட்டு வந்தவருக்கு சிபியுவைப் பற்றித் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

அதனால் நான் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது முதல் பாடமே பட்டாதான். பட்டா நகல், இல்லையென்றால் பழைய கிஸ்தி ரசீது, எது இருக்கிறதோ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். அரசின் இணையதளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம் தேர்ந்தெடுத்து, பட்டா எண்ணையோ புல எண்ணையோ அவர்கள் கையாலேயே அடிக்கச் சொல்வேன். ஒற்றை விரலில் தேடித் தேடி அடித்தாலும் பரவாயில்லை, பெயர் திரையில் வந்து நின்றதும் முகமே மாறிவிடும். ஒரு பெரியம்மா அப்படிப் பார்த்துவிட்டு, "இன்னும் எங்க மாமனாரு பேரேதான் இருக்குதா கண்ணு?" என்று கேட்டார். மாமனாரும் இல்லை, கணவரும் இல்லை, உழுவதும் விதைப்பதும் அவர்தான். ஆனால் நிலம் தன் பெயரில் இல்லாததால் ஒன்றிய அரசு விவசாயிகளுக்குத் தரும் பிஎம் கிசான் உதவித்தொகையில் வருடத்துக்கு வரும் 6,000 ரூபாய் அவருக்கு இல்லை. அன்றைக்கு மீதி நேரம் முழுக்க வாரிசுச் சான்றிதழுக்கு என்னென்ன வேண்டும், பட்டா மாறுதலுக்கு எங்கே மனு போடவேண்டும் என்பதிலேயே போனது. கணினி வகுப்பில் இதெல்லாம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. எனக்கு அதுதான் கணினி வகுப்பு.

அடுத்தது பரப்பளவு. பட்டாவில் ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும், நம்மாட்கள் பேசுவது ஏக்கர், செண்டு. 0-40.50 என்று போட்டிருந்தால் அது 40.50 ஏர், அதை 2.47 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 100 செண்டு, ஒரு ஏக்கர். இதை எக்செல்லில் ஒரு கட்டத்தில் புல எண், அடுத்த கட்டத்தில் ஏர், அதற்கடுத்த கட்டத்தில் சூத்திரம் என்று போடவைத்தால், நாலாவது வரைக்கும் படித்தவர்கூட சமக்குறி எதற்கு, நட்சத்திரக்குறி எதற்கு என்று பிடித்துக்கொள்கிறார், ஏனென்றால் அது அவருடைய நிலம், ஒரு செண்டு குறைந்தாலும் அவருக்குத் தெரியும்.

சிக்கல் எல்லாம் ஓடிபியில்தான். எங்கள் பக்கம் பல வீடுகளில் பையன் பெங்களூரில் இருப்பான், இல்லாவிட்டால் திருப்பூரில். ஆதாரில் இருப்பது அவன் நம்பர். இங்கே அப்பா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், ஓடிபி அங்கே போய் விழும், அவன் ஷிப்டில் போனை எடுக்கமாட்டான், அதற்குள் நேரம் முடிந்துவிடும். ஆதார் மையத்துக்கு நேரில் போனால் ஆதாரில் நம்பரை மாற்றிவிடலாம், அதை முதலில் செய்யச் சொல்லுங்கள். கைரேகை தேய்ந்துபோனவர்களுக்கு 2023-லிருந்து பிஎம் கிசான் செயலியில் முகத்தைக் காட்டி இ-கேஒய்சி, அதாவது ஆள் அவர்தானா என்ற சரிபார்ப்பை, முடிக்கும் வசதி வந்திருக்கிறது. மண்வெட்டி பிடித்துப் பிடித்து ரேகை போனவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்று கூட இருந்து பார்த்தால்தான் தெரியும்.

பாலக்கோடு பக்கமிருந்து, தக்காளி விவசாயி:

அண்ணா சொன்னது அத்தனையும் சரி. நான் கற்றுக்கொண்ட பக்கம், அதனால் இன்னொன்றையும் சேர்க்கிறேன். விவசாயிக்கு இதெல்லாம் ஏறாது என்று பேசுபவர்களிடம் நான் சொல்வது, 2004-ல் வேளாண் பல்கலைக்கழகம் துல்லியப் பண்ணையத் திட்டத்தை 400 ஹெக்டேருக்குக் கொண்டுவந்தது நம்ம இரண்டு மாவட்டத்தில்தான். சொட்டுநீரில் எந்த வாரம் எந்த உரம் எத்தனை கிலோ என்று அட்டவணை வைத்துக்கொண்டு நடத்தியவர்கள் எங்கள் அப்பா காலத்து ஆட்கள். அந்த அட்டவணை அன்றைக்குக் காகிதத்தில் இருந்தது, இன்றைக்குத் திரையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு உண்மையாகவே உதவியது கணக்கு எழுதப் பழகியதுதான். நாற்று, மல்ச்சிங் ஷீட், குச்சி, கட்டுக்கயிறு, மருந்து, பறிப்புக் கூலி, வண்டி வாடகை, மண்டி கமிஷன், எல்லாவற்றுக்கும் தனித்தனி வரிசை. கடைசியில் விற்ற கிலோவால் வகுத்தால் ஒரு கிலோ தக்காளிக்கு எனக்கு என்ன செலவு என்று வந்துவிடும். அதுவரைக்கும் வீட்டுப் பெண்கள் பறிக்கிற கூலியை நாங்கள் யாரும் செலவாகவே எழுதியதில்லை. எழுதிப் பார்த்தபோது லாபம் என்று நினைத்திருந்த ஒரு போகம் லாபமே இல்லை என்று தெரிந்தது, என் அம்மாவும் மனைவியும் அத்தனை நாள் வெயிலில் நின்றதற்கு விலையே போடாமல் இருந்திருக்கிறோம். இப்போது நோட்டில் எழுதுவது மனைவி, கணினியில் ஏற்றுவதும் அவர்தான்.

தமிழக அரசின் உழவன் செயலியில் விலை பார்க்கிறேன், ஆனால் அதை மட்டும் நம்பி வண்டி ஏற்றுவதில்லை. தக்காளி விலை காலையில் ஒன்று, ஒன்பது மணிக்கு ஒன்று. நாலைந்து சந்தைகளை ஒப்பிட்டுப் பார்க்க நன்றாக இருக்கிறது, முடிவெடுக்க மண்டிக்குப் போன் போட்டுத்தான் ஆகவேண்டும்.

தளியிலிருந்து:

எங்கள் பக்கம் வேறு பிரச்சினை, அதையும் யாராவது கவனியுங்கள். வீட்டில் பேசுவது தெலுங்கு, கன்னடம். தமிழ் நன்றாகப் பேசும் பெரியவர்கள்கூட தமிழ் எழுத்தைப் படிக்கத் திணறுவார்கள். பயிற்சிக்கு வருகிறவர்கள் தமிழில் அச்சடித்த கையேடு கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அது அப்படியே மடித்து அலமாரியில் இருக்கிறது. நான் என் அத்தைக்குக் குரலில் தேடுவதை மட்டும் பழக்கினேன். மொழியைக் கன்னடத்துக்கு மாற்றி வைத்ததும் ராகிப் பயிரில் குலைநோய்க்கு என்ன செய்யலாம் என்று அவரே கேட்கிறார், பதிலையும் வாசிக்கவைத்துக் கேட்கிறார்.

அப்புறம் ஒரு எச்சரிக்கை. 'பிஎம் கிசான்' என்று பெயர் வைத்து ஒரு ஏபிகே பைல் (போனில் செயலியை நிறுவும் கோப்பு) வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அதைத் தொட்டு நிறுவினால் போனுக்கு வரும் குறுஞ்செய்தி, ஓடிபி எல்லாம் மோசடிக்காரன் கைக்குப் போய்விடும். தெரிந்தவர் நம்பரிலிருந்தே வரும், ஏனென்றால் அவர் போனை ஏற்கெனவே பிடித்திருப்பான். பணம் போய்விட்டால் யோசித்துக்கொண்டு நிற்காமல் உடனே இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைக்கச் சொல்லுங்கள், பிறகு வங்கிக்கு. இதை வகுப்பின் முதல் நாளே சொல்லவேண்டும்.

பென்னாகரத்திலிருந்து:

தளி நண்பர் சொன்னதை அடுத்த வகுப்பிலேயே முதலில் வைக்கிறேன். கையேட்டுக்குப் பதில் குரல்பதிவாகக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசிப் பதிந்துதர உங்கள் பக்கம் யாராவது இருந்தால் சொல்லுங்கள், என்னென்ன பேசவேண்டும் என்று நான் எழுதி அனுப்புகிறேன். பாலக்கோட்டுத் தம்பி, அந்தத் தக்காளிக் கணக்குத் தாளை எண்களை அழித்துவிட்டு வெறும் கட்டங்களாக இங்கே போடமுடியுமா? அரூர்ப் பக்கம் மஞ்சள் போட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.