புதுப்பிப்பு: தங்கையின் புரோட்டீன் எஸ் ரிப்போர்ட்

கர்ப்பமாக இருக்கும் தங்கைக்குப் புரோட்டீன் எஸ் (ரத்தம் தேவையில்லாமல் உறையாமல் தடுக்கும் புரதம்) குறைவு, போன பிரசவத்தில் பிரஷர் வேறு எகிறியது என்று எழுதியிருந்தேன் இல்லையா, ரத்தவியல் டாக்டரைப் பார்த்துவிட்டோம். கர்ப்பத்தில் புரோட்டீன் எஸ் பொதுவாகவே இறங்குமாம், அதனால் இந்த ரிப்போர்ட்டை வைத்துப் பரம்பரைக் குறைபாடு என்று முடிவுகட்ட முடியாது, பிரசவம் முடிந்து 6 வாரமாவது கழித்துத் திரும்பப் பார்க்க வேண்டும். இதை முதலிலேயே யாராவது சொல்லியிருந்தால் அம்மா ராத்திரியெல்லாம் அழுதிருக்க மாட்டார்.

ஹெப்பாரின் ஊசி பிரஷரைத் தடுக்குமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அது ரத்தம் உறையாமல் காக்கத்தான். உறைவுக் கோளாறு உள்ள கர்ப்பிணிகளுக்கு டால்டெப்பாரின் என்ற ஹெப்பாரின் வகை ஊசியைக் கொடுத்துப் பார்த்து 2014இல் வெளியான ஆய்வில் பிரீஎக்லாம்ப்சியா (கர்ப்பத்தில் பிரஷர் எகிறும் கோளாறு) குறையவில்லை. அதைத் தடுக்கக் கொடுப்பது குறைந்த அளவு ஆஸ்பிரின், 16 வாரத்துக்குள் தொடங்கினால் நல்லது, தங்கை ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடுகிறாள். 140/90 தொட்டாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள்.