புதுப்பிப்பு: அம்மாவின் பிரஷர் குளிசையும் வறட்டு இருமலும்

எனலாப்ரில் என்ற பிரஷர் குளிசையைத் தொடங்கிய பிறகு அம்மாவுக்கு வறட்டு இருமல் விடாமல் வருகிறது, குளிசையை நிறுத்தலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

நாங்களாக நிறுத்தவில்லை. கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் டொக்டரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். சளியோ காய்ச்சலோ இல்லை, குளிசைதான் காரணம் என்றார். இந்த வகை மருந்து உடலில் பிராடிகினின் என்ற பொருளைத் தேங்க வைக்குமாம். இருமலைக் கிளப்புவது அதுதான். அதற்குப் பதிலாக லோசார்ட்டன் என்ற வேறு பிரஷர் குளிசையை மாற்றித் தந்தார். இருமல் அடங்க 1 முதல் 4 வாரம், சிலருக்கு இன்னும் கூட ஆகலாம். அம்மா இப்போது இரவில் நித்திரை கொள்கிறார், அதுவே பெரிய நிம்மதி.

ஆனால் லோசார்ட்டனும் இரத்தத்தில் பொட்டாசியத்தைக் கூட்டும். அதனால் இரத்தப் பரிசோதனையில் பொட்டாசியமும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும். பிரஷருக்கு நல்லது என்று சோடியம் குறைந்த உப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். பெரும்பாலும் அதில் பொட்டாசியம் குளோரைட் இருக்கும். முழங்கால் நோவுக்கு பார்மசியில் டைக்ளோபினாக் கேட்டு வாங்குவது நம் ஊரில் சர்வசாதாரணம். எனக்கு இதுதான் பெரிய பயம். அது பிரஷரை ஏற்றும், இந்த மருந்தோடு சேர்ந்து சிறுநீரகத்தையும் தாக்கலாம். இந்த மருந்து எடுக்கும்போது கடும் வயிற்றோட்டம், வாந்தி என்றால் அன்றே டொக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், எனலாப்ரில் எடுக்கும் ஒருவர் உதடு வீங்குவதாக எழுதியிருந்தார். தயவுசெய்து பொறுத்திருக்க வேண்டாம். உதடு, நாக்கு, முகம் வீங்கினால் அடுத்த குளிசையைப் போடாமல் உடனே (இலங்கையில்) 1990 அம்புலன்ஸை அழையுங்கள்.