பெரிய லெகோ கப்பலுக்கு உதிரி பிரிக்குகள், கட்டுப்படியாகிற விலையில் எப்படி வாங்குவது?
எல்லோருக்கும் வணக்கம். நானே வடிவமைத்த ஒரு சரக்குக் கப்பலை லெகோவில் கட்டப் போகிறேன், லெகோ மாதிரிகளைக் கணினியில் வரைய உதவும் ஸ்டூடியோ மென்பொருளில் வரைந்து முடித்தாயிற்று, பாகங்கள் 6,000-ஐத் தாண்டுகின்றன, அதில் பாதிக்கு மேல் வெளிர் சாம்பல் நிற பிளேட்டுகளும் (மெல்லிய தட்டைத் துண்டுகள்) சரிவுத் துண்டுகளும்தான். பட்டியலை பிரிக்லிங்க்கில் (பல கடைகள் லெகோ துண்டுகளை விற்கும் இணையச் சந்தை) ஏற்றிப் பார்த்தால் துண்டுகளின் விலை பரவாயில்லை. ஆனால் எல்லாம் ஒரே கடையில் கிடைக்காமல் பல கடைகளாகப் பிரிகிறது, ஒவ்வொன்றுக்கும் தனி அனுப்பும் செலவு, சில கடைகளில் குறைந்தபட்ச ஆர்டர் தொகை வேறு.

சாதாரணத் துண்டுகளை லெகோ நிறுவனமே துண்டுகளைத் தனித்தனியாக விற்கும் பிக் எ பிரிக்கில் வாங்கிவிட்டு, அரிதானவற்றுக்கு மட்டும் பிரிக்லிங்க், அதே போன்ற இன்னொரு சந்தையான பிரிக் அவுல் என்று போனால் செலவு குறையுமா?

எடைக்கு விற்கிற பழைய பிரிக்குகளையும் யோசித்தேன். 2004 வாக்கில் லெகோ தன் சாம்பல் நிறத்தையே மாற்றிவிட்டதால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் அப்பட்டமாகத் தெரியும், அதனால் வெளியே தெரியாத உள்பகுதிக்கு மட்டும் அவை போதும் என்று நினைக்கிறேன், சரிதானே?

அப்புறம், கோபிரிக்ஸ் போன்ற மாற்று நிறுவனத் துண்டுகளை லெகோவோடு கலந்து கட்டியவர்கள் இருந்தால், பிடிமானமும் நிறமும் எப்படி ஒத்துப்போகின்றன என்று அவசியம் சொல்லுங்கள்.