பருவநிலை மாநாட்டு ஒப்பந்தங்களால நம்ம ஊர் மொட்டைமாடிக்கு என்ன வருது?

ராதாபுரத்துக்காரன்:
அண்ணாச்சிமாரே, ஊர் நூலகத்துல பேசச் சொல்லியிருக்காங்க. பாரீஸ், கிளாஸ்கோன்னு மாநாடு கூட்டி சூரிய மின்சாரத்துக்கு நாடுகள் கைகோத்திருக்குன்னு படிக்கேன். சர்வதேச சூரியசக்திக் கூட்டணி வீட்டுக்காரங்களுக்குப் பணம் தருமா? 3 கிலோவாட் போட நினைக்கிறவங்க எதைக் கவனிக்கணும்?

பேட்டை மின்பொறி:
வீட்டுக்குன்னு ஒத்த ரூபா தராது. 2015 நவம்பர் 30-ல பாரீஸ் மாநாட்டுல இந்தியாவும் பிரான்சும் சேந்து அறிவிச்ச அமைப்பு அது. தலைமையகம் குருகிராம். கடக, மகர ரேகைகளுக்கு நடுவுல உள்ள நாடுகளுக்குன்னு ஆரம்பிச்சு, 2020-ல ஐ.நா. உறுப்பு நாடுகள் எல்லாத்துக்கும் திறந்துட்டாங்க. பயிற்சி, திட்ட அறிக்கை, பல நாட்டுப் பம்புசெட் தேவையை ஒண்ணா சேத்து விலை கேக்கது, இதுதான் அதோட வேலை.

வெளிநாட்டுப் பணம் வாரது வங்கி வழியா. 2016-ல உலக வங்கி ஸ்டேட் பாங்குக்கு 62.5 கோடி டாலர் கடன் ஒதுக்குச்சு. கூரை சூரிய மின்சாரத்துக்குத்தான், ஆனா ஆலை, வணிகக் கட்டடம் பக்கம்தான் அதிகம் போச்சு. வீட்டு மானியம் ஒன்றிய அரசோட சூர்யகர் திட்டம்: முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூணாவதுக்கு 18,000, ஆக 78,000 ரூபா. அதுக்கு மேல எத்தனை போட்டாலும் அவ்வளவுதான்.

கங்கைகொண்டான் வாசகர்:
கைகோத்த கதையை மட்டும் பேசிட்டு வந்துராதீங்க. பேனலுக்குள்ள வெயிலை மின்சாரமா மாத்துற சில்லு இருக்கே, அதான் செல், அதை உள்நாட்டுலதான் வாங்கணும்னு இந்தியா போட்ட நிபந்தனை மேல அமெரிக்கா வழக்குப் போட்டு, 2016-ல உலக வர்த்தக அமைப்பு நமக்கு எதிரா தீர்ப்பு சொல்லுச்சு. பாரீஸ் மேடை இறங்கி ஒரு வருசம்கூட ஆகல!

இன்னிக்கும் வீட்டு மானியத்துக்கு உள்நாட்டு செல் கட்டாயம். வெளிநாட்டு செல்லை இங்க கண்ணாடிக்குள்ள வச்சு ஒட்டுன பேனல் கணக்குல வராது, மானியம் நின்னுரும். உள்நாட்டுத் தயாரிப்புன்னு காட்டுற டி.சி.ஆர். சான்றை வாங்கி, அதுல உள்ள வரிசை எண்ணை பேனல்ல உள்ளதோட ஒத்துப் பாத்துட்டுப் பணம் கொடுக்கச் சொல்லுங்க. கங்கைகொண்டான் சிப்காட்ல டாடா பவர் செல்லும் பேனலும் சேத்தே செய்யுது.

உவரி உப்புக்காத்து:
கிளாஸ்கோவுல 2021-ல தொடங்கி வச்ச 'ஒரே சூரியன், ஒரே உலகம், ஒரே கிரிட்' பத்தியும் கேப்பாங்க. நாடுகளோட மின்கம்பி வலையை ஒண்ணா இணைச்சு, வெயில் உள்ள இடத்து மின்சாரத்தை இருட்டுன இடத்துக்கு அனுப்புற யோசனை அது. துபாய் சூரியன் நமக்கு ஒண்ணரை மணி நேரம்தான் பின்னால. ஜெத்தான்னா இரண்டரை மணி நேரம். நமக்கு அந்தி சாயும்போது அங்க வெயில் இருக்கும். ஆனா கடலுக்கடியில உயர் அழுத்த நேர்மின் கேபிள் வேணும். என் கணிப்புல இப்போதைக்கு, பகல் மின்சாரத்தைச் சேத்து வைக்கிற பேட்டரி முந்திரும்.

மாடிக்கு வருவோம். 3 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 300 சதுர அடி வேணும், தெற்குப் பாத்து 10 டிகிரி சாய்வு போதும். நல்ல வெயில்ல நாளைக்கு 12 யூனிட் வரும். தண்ணித் தொட்டி நிழல் ஒரு பேனல்ல விழுந்தாலே அந்த வரிசை முழுக்க உற்பத்தி இறங்கும்.

ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து பேனலைக் கீழ இருந்து தூக்கும். வெறும் கல்லை வச்சு நிறுத்துனா தாங்காது, தளத்துல ஆங்கர் போல்ட் இறக்கி, துளையைத் தண்ணி புகாம அடைக்கணும். கடற்கரையில ஜிங்க் முக்குன இரும்பும் ஸ்டெயின்லெஸ் போல்ட்டும். பெயின்ட் அடிச்ச இரும்பு சீக்கிரம் பொரிஞ்சிரும். போர் தண்ணி உப்புப் படலம் விடும். காலையில பேனல் சூடேறுறதுக்கு முன்ன நல்ல தண்ணியில கழுவுங்க.

இன்னொண்ணு, பேட்டரி இல்லாத அமைப்பு கரண்ட் போனா தானும் நின்னுரும், உச்சி வெயிலானாலும். மாடி மின்சாரம் லைன்ல ஏறிராம, அங்க வேலை பாக்கிற ஆளைக் காப்பாத்த அப்படி வச்சிருக்கு. புகார் பாதி அதுலதான் வருது, முன்னமே சொல்லிருங்க.