நம்ம வீடு, வேலூர் (குடும்பக் குழு)

பெரியம்மா: மார்க்கெட்டில் சுறா நல்லா வந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை புட்டு செய்து சத்துவாச்சாரிக்கு எடுத்து வருகிறேன். ஏழாம் மாதம், பாப்பா ஆசையாகச் சாப்பிடட்டும்.

அக்கா: பெரியம்மா, இப்போதே நாக்கில் எச்சில் ஊறுகிறது!

நான்: பெரியம்மா, கோபித்துக்கொள்ளாதீங்க. சுறா மட்டும் இப்போது வேண்டாம். அதில் பாதரசம் அதிகம்.

பெரியம்மா: நாங்களும் சாப்பிட்டுத்தானே பெற்றோம்? மஞ்சள் போட்டு நாலு தண்ணீர் கழுவுவேன்.

நான்: கழுவினாலும் வேகவைத்தாலும் போகாது பெரியம்மா, சதையிலேயே ஊறியிருக்கும். சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன ஏறிக்கொண்டே போகும். சுறா பல வருஷம் வாழ்ந்து தின்ற மீன்.

மாமா (ஆம்பூர்): அப்போ ஆற்று மீன்? நம் பாலாறு?

நான்: நம் தோல் ஷாப்புக் (தோல் பதனிடும் ஆலை) கழிவில் பெரிய தொல்லை குரோமியம் என்ற உலோகம், மாமா. அது வேறு கதை. பாதரசத்தில் அடிபட்டவர்கள் மீனை நம்பி வாழும் ஆற்றங்கரை ஜனங்கள். கனடாவில் கிராஸி நேரோஸ் என்று ஒரு பழங்குடி ஊர். ஆற்றில் மேலே டிரைடனில் இருந்த காகித ஆலை 1962 முதல் 1970 வரை சுமார் 9 டன் பாதரசத்தை ஆற்றில் விட்டது. அவர்களுக்குச் சோறும் அந்த மீன்தான், கூலியும் அந்த மீன்தான். இரண்டும் போயிற்று. கை நடுக்கமும் கண் பார்வைக் கோளாறும் இன்னும் இருக்கின்றன. அமேசானில் தபஜோஸ் ஆற்றங்கரை முண்டுருக்கு என்ற பழங்குடி மக்களுக்கும் இதே கதிதான், அங்கே தங்கம் எடுப்பவர்கள் கொட்டும் பாதரசம்.

அக்கா: வயிற்றில் இருக்கும் குழந்தைக்குப் போகுமா?

நான்: போகும் அக்கா. ஜப்பானில் மினமாட்டா ஊரில் 1956-இல் வெளியே தெரிந்த பாதரச நோய் இது. தாய்க்குப் பெரிதாக ஒன்றும் இல்லாமலே, பிள்ளை கை கால் சரியாக இயங்காமல் பிறக்கலாம். அதைப் படித்த ராத்திரி எனக்கு உன் ஞாபகம்தான்.

பெரியம்மா: பிறந்த பிறகு பால்சுறா?

நான்: பால் கொடுக்கும்வரை அதுவும் வேண்டாம். மீனை விட்டுவிடச் சொல்லவில்லை, குழந்தையின் மூளைக்கு நல்லது. மத்தி, நெத்திலி போடுங்க.

மாமா: அந்தக் கனடா ஊர்க்காரர்கள் இப்போது என்ன சாப்பிடுகிறார்கள்?

நான்: பலர் இன்னும் ஆற்று மீன்தான் மாமா. நமக்கு வேறு மீன் வாங்க மார்க்கெட் இருக்கிறது. அவர்களுக்கு அந்த ஆறுதானே மார்க்கெட்.

பெரியம்மா: பாவம்டா.

பெரியம்மா: அரை கிலோ நெத்திலி வாங்கிவிட்டேன். தலை கிள்ள நீயும் சீக்கிரம் வா.