இருவர் பெயரில் வீடு, மாமியார் லாக்கரில் நகை: விவாகரத்தில் எது யாருக்கு?

வைகைக்கரை:
வீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் கிரயம். யாருக்கு எத்தனை பங்கு என்று பத்திரத்தில் இல்லை. முன்பணம் மனைவி நகையை அடகு வைத்துக் கொடுத்தது, தவணை கணவன் சம்பளத்தில். மீதி 30 பவுன் மாமியார் லாக்கரில். இந்து திருமணச் சட்டப்படி பிரிந்தால் எல்லாம் பாதிப் பாதிதானா?

மேலமாசி:
இல்லைங்க. தமிழ்நாட்டில் தானாகப் பாதி கிடையாது. நீங்கள் சொன்ன 1955 இந்து திருமணச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு, கல்யாணத்தையொட்டி வந்த, இருவருக்கும் பொதுவான பொருளை மட்டுமே தொடும். வீட்டுக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 45-ஆம் பிரிவைப் பாருங்க: யார் எவ்வளவு போட்டார்களோ அந்த விகிதம். நிரூபிக்க முடியாவிட்டால்தான் சமபங்கு என்று கொள்வார்கள். அதனால் அடகுச் சீட்டு முக்கியம்.

வைகைக்கரை:
சீட்டு தொலைந்துவிட்டதென்றால்?

மேலமாசி:
வங்கியில் வைத்த அடகென்றால் நகைக்கடன் கணக்கு விவரம் கேட்டு வாங்கலாம். கடன் வரவான தேதி, விற்றவருக்குப் பணம் போன தேதி, கிரயத் தேதி மூன்றும் அடுத்தடுத்து இருந்தால் வலுவான சாட்சி. ரொக்கமாகக் கொடுத்திருந்தால்தான் திண்டாட்டம்.

தாய்ப்பத்திரம்:
30 பவுன் தனிக் கணக்கு. பெண்ணுக்குப் போட்ட நகை ஸ்ரீதனம், முழுக்க அவளுடையது. மாமியார் லாக்கரில் இருப்பதால் உரிமை மாறாது. பிரதிபா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1985-இல் தந்த தீர்ப்பு இதைத் தெளிவாக்கியது. திருப்பித் தராவிட்டால் நம்பிக்கை மோசடிப் புகாரும் கொடுக்கலாம். பல வழக்குகள் சறுக்குவது நகைப் பட்டியலில்தான். வெறுமனே '30 பவுன்' என்று எழுதாதீர்கள். ஆரம் 5 பவுன், வளையல் 4 பவுன் என்று உருப்படி வாரியாக, கடை ரசீது, கல்யாணப் போட்டோவோடு கொடுங்கள்.

மேலமாசி:
சமரசமாகப் பிரிவதாக இருந்தால் ஒரு எச்சரிக்கை. 'வீடு மனைவிக்கு, கடன் கணவனுக்கு' என்று தீர்ப்பில் இருந்தாலும் வங்கியை அது கட்டுப்படுத்தாது. தவணை நின்றால் கடனில் கையெழுத்துப் போட்ட இருவரையும் பிடிப்பார்கள். முதலில் வங்கியிடம் எழுத்துச் சம்மதம் வாங்கி, ஒருவர் பெயரைக் கடனிலிருந்து நீக்குங்கள். பிறகு கணவனின் பங்கை மனைவிக்கு எழுதிப் பதியுங்கள். பதிவைத் தீர்ப்புக்கு முன்பே முடிப்பது நல்லது. கணவன் மனைவி என்ற உறவு முறிந்தபின் குடும்பத்துக்குள் எழுதும் பத்திரத்துக்கான முத்திரைத்தீர்வைச் சலுகையில் சிக்கல் வரும்.